கதவைத் திட்டிய சுவர்

ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் ஒரு சுவரும், அதற்கு மேலே அக்கா தங்கையாக இரண்டு கதவுகளும் குடியிருந்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் ஒடுங்கி, ரத்தத்தை வெளியே தள்ளும். அது வந்த வழியே திரும்பிவிடாதபடி அக்காவும் தங்கையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொள்வார்கள். அவர்கள் மேல்பக்கம் புரண்டுவிடக் கூடாதென்று இருவரின் கயிறுகளையும் சுவரே பிடித்திருந்தது.

சில நாளாக ரத்தம் மேலே கசிந்தது.

“ஒழுங்கா மூடிக்கத் தெரியாதா? நீங்க திருப்பி விடுறதையும் நான்தானே மறுபடி தள்ளணும்?” என்று சுவர் எரிந்து விழுந்தது.

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. தன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். கிழிசல் இல்லை. தங்கையிடமும் ஓட்டை இல்லை. ஆனாலும் எவ்வளவு எம்பியும் தங்கையை எட்ட முடியவில்லை. அப்போதுதான் கீழே பார்த்தாள். முன்பெல்லாம் தளர்ந்து ஆடிய கயிறு விறைத்து நின்றது.

“அண்ணே, கயித்தைக் கொஞ்சம் தளர்த்துங்க. எங்களைக் கீழே இழுக்குது.”

“நானா? நின்ன இடத்தை விட்டு நான் நகரவே இல்லையே!”

“நகரலைதான். ஆனா சோர்ந்து சோர்ந்து வெளிப்பக்கமா பெருத்துட்டீங்க அண்ணே. எங்க நிலைச்சட்டமும் உங்களோட சேர்ந்து விரிஞ்சிருச்சு.”

சுவர் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டது. பிறகு மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி உள்ளே ஒடுங்கியது.

“இப்போ எட்டுதா?”

அக்கா பதில் சொல்வதற்குள் இடுக்கு வழியாக ரத்தம் மேலே திரும்பியது.

சுவர் திட்டவில்லை.

“இன்னொரு தடவை பார்ப்போம்மா,” என்றது.