பதினோரு வியாழக்கிழமைகள்

"நாற்பத்தொண்ணா, ஐம்பத்திரண்டா? ஒரு முடிவுக்கு வாங்க கண்ணுங்களா. என் டீ ஆறிப்போச்சு" என்றார் டோரீன்.

பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவில் உட்கார்ந்து சமரசம் பேசுவது அவர் வேலை. ஹாலிஃபாக்ஸ் ஊரில் இருபது வருடமாக அதைத்தான் செய்கிறார். வருடத்தில் ஐம்பத்திரண்டு இரவு பிள்ளை அப்பாவோடு தங்கினால், அப்பா கொடுக்கும் பராமரிப்புப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு குறையும். ஐம்பத்தொன்று என்றால் ஒரு பென்னிகூடக் குறையாது. இந்தச் சட்டத்தைப் போட்ட மகானுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்காது.

"ஐம்பத்திரண்டு!" என்று டெரிக் தன் நாட்காட்டியை மேஜைமேல் போட்டான். பஸ் ஓட்டுகிறவன். "காரை வித்தாச்சு. சாப்பாடு தினமும் ரொட்டியும் டப்பா பீன்ஸும். இன்னும் எதை விக்கச் சொல்றீங்க?"

"நாற்பத்தொண்ணு!" ஹெதர் தன் நாட்காட்டியை அதன்மேல் போட்டாள். "பாப்பிக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணும். நீ பீன்ஸ் தின்னா அவ பல்லு நேராயிடுமா?"

சொல்லிவிட்டு மூன்றாவது இஞ்சி பிஸ்கட்டை எடுத்தாள். டீ வாடையே வேண்டாமென்று கோப்பையைத் தள்ளி வைத்திருந்தாள்.

டோரீன் இரண்டு நாட்காட்டிகளையும் ஒப்பிட்டார். தகராறு பதினோரு வியாழக்கிழமைகளில்தான். அந்த இரவுகளில் மகள் தன்னோடு இருந்ததாக இருவருமே குறித்திருந்தார்கள்.

"மார்ச் பதினாலு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாப்பி இருமினா. நான்தான் எழுந்து மருந்து குடுத்தேன்" என்றான் டெரிக்.

"இருமினது எனக்கும்தான் கேட்டுச்சு. அவ தூங்கினது என் வீட்ல!"

"ஒரே பிள்ளை ஒரே நேரத்துல ரெண்டு வீட்ல இருமுமா?" டோரீனுக்குத் தலை சுற்றியது. "யாரோ ஒருத்தர் புளுகறீங்க."

"நான் இல்ல!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"பாப்பி வெளியிலதானே இருக்கா? அவளையே கேட்டுடறேன்."

டெரிக்கின் முகம் வெளுத்தது. "வேணாம் மேடம்... நாற்பத்தொண்ணுன்னே போட்டுக்குங்க."

"இல்லல்ல, ஐம்பத்திரண்டே இருக்கட்டும்!" என்று பதறினாள் ஹெதர்.

அதற்குள் ஒன்பது வயதுப் பாப்பி உள்ளே வந்துவிட்டாள்.

"அந்த வியாழக்கிழமையெல்லாம் எங்க தூங்கினே, கண்ணு?"

"அம்மா வீட்ல."

"அம்மாகூடவா?"

"இல்லையே, நான் என் ரூம்ல தனியாத்தான் தூங்குவேன். அப்பாதான் அம்மாகூட."

டோரீனின் பேனா கீழே விழுந்தது. "அட பாவிகளா! அப்புறம் எதுக்கு இங்க வந்து இந்தச் சண்டை?"

"அது வேற மேடம், கணக்கு வேற" என்றாள் ஹெதர், முகம் சிவக்க.

டெரிக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கணக்குன்னு வந்துட்டா எல்லாமே சரியா இருக்கணும் மேடம். அந்தப் படிவத்துல, பிள்ளைங்க எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்குமே..."

ஹெதர் நான்காவது இஞ்சி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "டிசம்பர்லேர்ந்து ரெண்டுன்னு போட்டுக்குங்க."