அடிக்குறிப்பு

விசாரணை அறையில் மாணவியின் கட்டுரையை மேசைமேல் வீசினார் தத்துவப் பேராசிரியர்.

“வரிக்கு வரி என் புத்தகத்துல சுட்டது மேடம். கல்லூரியோட மானமே போகுது!”

நேர்மையைப் பற்றி அரைமணி நேரம் முழங்கிவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

“என்னம்மா சொல்றே?” என்றார் முதல்வர்.

“சார் புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை மேடம். இது எங்கம்மா எழுதின ஆய்வேட்டுல இருந்து எடுத்தது. அடிக்குறிப்புல சொல்லியிருக்கேனே, சார் படிக்கலையா?”

அவள் நீட்டிய பழுப்பேறிய ஆய்வேட்டை முதல்வர் வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் பேராசிரியரின் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: ‘சரக்கே இல்லை. நிராகரிக்கிறேன்.’

தேதியைப் பார்த்தார் முதல்வர். பேராசிரியரின் புத்தகம் வெளிவருவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி.

“நீ வகுப்புக்குப் போம்மா” என்றவர், நழுவ எழுந்த பேராசிரியரைப் பார்த்தார்.

“நீங்க உட்காருங்க சார். விசாரணை இப்பதான் ஆரம்பிக்குது.”