போடாத பூட்ஸ்

மூஸ் மான் தானாக உதிர்த்த கொம்பை மாமிசம் புழங்காத வீட்டிலும் சுவரில் மாட்டலாம் என்று ஆனந்தகிருஷ்ணன் மூன்று வசந்தங்களாகக் காடுகளில் தேடி, வெறுங்கையோடு திரும்பியிருந்தார். 1974 ஏப்ரலில், மான்ட்ரியல் வீட்டுச் சமையலறையில் மறுபடியும் வரைபடத்தை விரித்தார்.

பள்ளியை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த மகள் கிரிஜா ஓர் ஏரிக்கரையில் விரல் வைத்தாள்.

“இங்கதான் இருக்குப்பா. நானும் வரேன்.”

“வாசலுக்கே வராதவளுக்குக் காடு தெரியுமாக்கும்,” என்று அம்மா சிரித்தாள். “முதல்ல பூட்ஸைப் போட்டுக் காட்டு.”

ஒருநாளும் போடாத பூட்ஸை கிரிஜா அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. அடியில் பைன் இலைகள் ஒட்டியிருந்தன. அவற்றிலிருந்து பனி உருகிச் சொட்டியது. தெருவில் பனி கரைந்து இரண்டு வாரமாகியிருந்தது.

“நீ முன் சீட்ல உட்காரு,” என்றார் அப்பா. “வழி சொல்லு.”

அம்மா புளியோதரைக்கு இன்னோர் ஆழாக்கு அரிசி களைந்தாள். கிரிஜா விலைச்சீட்டைக் கத்தரித்தாள்.