நாட்டின் முதுகு

முதுகு எப்போது வரும் என்று கூடம் முழுக்கத் திரையைப் பார்த்துக் காத்திருந்தது.

அந்தக் கட்டடத்திலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீடு அதுதான். நிலையத்தார் இயக்குநருக்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு மாலையானால் அக்கம்பக்கத்தார் தங்கள் நாற்காலிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த இயக்குநர் கணவர். நாட்டின் வாழ்வையும் வரலாற்றையும் பதின்மூன்றே வாரத்தில் சொல்லி முடிக்கிற தொடரை எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அக்கம்பக்கத்தார் அவருக்கு வரலாறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காதில் விழாமல்தான்.

இன்று கடைசி வாரம். வரலாறு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

தொடர் முழுக்க ஒரே ஒரு பெண்தான். பஞ்சத்தில் குழந்தையோடு ஊரைவிட்டுப் போனவள், போருக்குப் போகும் மகனுக்குக் கையசைத்தவள், முதல் தேர்தலில் வரிசையில் நின்றவள், அணைக்கு மண் சுமந்தவள், எல்லாம் அவள்தான். பஞ்சத்துக் குழந்தை அவர்கள் வீட்டுத் தலையணை. எல்லாமே பின்னாலிருந்து, தலையோடு போர்த்திய அதே பழுப்புச் சால்வையில்.

முகத்தைக் காட்டினால் அது ஒருத்தி, முதுகைக் காட்டினால் அது நாடு என்று பத்திரிகைக்காரர்களிடம் விளக்கியிருந்தார். நடிகை வைக்க நிலையத்தில் வசதி இல்லை என்பதை மட்டும் விளக்கவில்லை.

நாட்டுப் பெண்களின் களைப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பேசி முடித்ததும் அவளிடம் தண்ணீர் கேட்பார்.

அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேறு ஊரில், மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில். கல்யாணத்துக்கு முன் படித்த வேதியியல் ஒருவழியாக உதவப் போகிறது. நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டி தயாராக இருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது.

நேர்காணலுக்கு அழைப்பு வந்த அன்றே சொல்லத்தான் செய்தாள். அவர் தேதியைப் பார்த்தார். அன்றைக்குத்தான் கடைசிக் காட்சியின் படப்பிடிப்பு.

"நாட்டோட கதையையே முடிக்கப்போற நேரத்துல உனக்கு வேலை கேக்குதா?"

பிறகு வேலை உறுதியானதும் அவள் தனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். அந்தக் கடைசிக் காட்சியில் ஒன்று இருக்கிறது. அதைக் கவனித்து அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், பெட்டியைப் பிரித்துவிடுவாள்.

நிலையத்தில் வெட்டி ஒட்டும்போது அதை எத்தனை தடவை பார்த்திருப்பார். கேட்கவில்லை. இன்றுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. இவ்வளவு சலுகை கொடுப்பதே அதிகம் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாடி வீட்டுத் தையற்காரி தாமதமாக வந்தாள். வழக்கம்போல வலது காலை லேசாக இழுத்து நடந்து வந்து, கதவோரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் ஆறு வந்தது. அக்கரையில், தூரத்தில், சால்வை போர்த்திய ஒரு பெண். நாடு எதிர்காலத்தை நோக்கி நடக்கிறது என்றது ஒரு கனத்த குரல்.

நாடு வலது காலை லேசாக இழுத்து நடந்தது.

அவள் கணவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரி சட்டென்று அசைந்தது.

அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்தார். அந்தக் காலை இழுக்கும் நடை நூற்றாண்டுகளின் பாரமாம். அவரே சொல்லிக்கொடுத்ததாம். மனைவிக்கு அதைப் பழக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

பக்கத்து நாற்காலிக்காரர் வாயைப் பிளந்தார். தையற்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

படப்பிடிப்பு என்றால் அவர் ஆட்களோடு வண்டியில் முன்னால் போய்விடுவார். முதுகு பின்னால் பேருந்தில் வந்து சேரும். கடைசிக் காட்சி எடுத்த அன்று விடிகாலையில் சால்வையை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவள் வேறு பேருந்தில் ஏறினாள். ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும் என்றுதான் இரண்டு பேருமே பயந்தார்கள்.

ஆற்றுக்கு இக்கரையில் நின்று அவர் நட என்று கத்தினார், நில் என்று கத்தினார், படச்சுருளோடு நிலையத்துக்கு ஓடினார். அந்த நேரத்தில் அவள் அந்நிய ஊரில், முன்பின் தெரியாத நான்கு பேர் எதிரில் அமிலங்களைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் நால்வரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும், இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாம் என்று அவளிடமே குறை சொன்னார் அந்த மனுஷர்.

இப்போது அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. இந்த ஆளுக்காகவா இத்தனை நாள் யோசித்தோம் என்று எரிச்சல்தான் வந்தது. பெட்டியை வெளியே இழுத்தாள். கொல்லைப்புறக் கதவு திறந்தே இருந்தது.

கூடத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கின. கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல் வரலாறு கையைப் பின்னால் நீட்டித் தண்ணீர் கேட்டது.

தையற்காரி ஒரு கணம் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு தம்ளர் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள்.

அவர் பெயர் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. ஒரு மடக்குக் குடித்தார். திரும்பவில்லை.

"உன் நடைதாம்மா இந்தத் தொடருக்கே உயிரு."

பதின்மூன்று வாரத்தில் அவர் வாயைத் திறந்து சொன்ன ஒரே பாராட்டு அது. அதையும் சரியான ஆளிடம்தான் சொன்னார்.