ஊசி மேல் பழி

"உன் பிளேயருக்கு அப்பாவோட ரெக்கார்டைத் தர முடியாது."

அண்ணன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். தங்கைக்குச் சுரீர் என்றது.

"ஏனாம்?"

"அது மலிவு மாடல். பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கர் வச்சது. ஊசி கனம். நாலு தடவை போட்டா ரெக்கார்டை உழுதுடும்."

"நல்ல ஊசியா மாத்திக்கறேன்."

"ஊசியைப் பிடிச்சிருக்கிற கையே கனம். பேசாம கடையில புது ரெக்கார்டு வாங்கிக்கோ."

வைத்துவிட்டான்.

கல்யாண நாளுக்குக் கணவர் ஆசையாய் வாங்கித் தந்த பிளேயர் அது. அப்பா போய் இரண்டு வருஷம். இத்தனை நாளில் அவருடைய இசைத்தட்டு ஒன்றையாவது அண்ணன் கண்ணில் காட்டியதுண்டா? கேட்டால், "பத்திரமா இருக்கு." அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு அவன் மட்டும்தான் பிள்ளையா?" கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"விடேன்..."

"எதுக்கு விடணும்? வீட்டைக் கேட்டேனா, நகையைக் கேட்டேனா? பாட்டுத்தானே கேட்டேன்!"

மறுநாள், அண்ணன் ஆபீஸ் போயிருப்பான் என்று தெரிந்தே கிளம்பினாள்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வா வா, காபி போடட்டுமா?"

"காபி வேண்டாம் அண்ணி. பீரோ சாவியைக் குடுங்க."

"அவர் வந்துடட்டுமே..."

"வந்தா மறுபடியும் ஊசிக்குப் பாடம் எடுப்பான். தானும் கேட்கமாட்டான், அடுத்தவங்களையும் கேட்க விடமாட்டான். வைக்கோல்போர் நாய்!"

அண்ணியின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். சாவியைக் கட்டில் மேல் போட்டாள்.

மேல்தட்டில் போர்வைகள். நடுவில் ஆபீஸ் ஃபைல்கள். கீழே ஓடாத கடிகாரமும் பிள்ளைகளின் பழைய பாடப் புத்தகங்களும். இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை.

"எங்கே அண்ணி? வித்துட்டானா? அப்பா உயிரா வச்சிருந்ததை வித்துத் தின்னுட்டு, எனக்கு ஊசிக் கதை விட்டானா? இருங்க, இப்பவே சித்தப்பா, அத்தை எல்லாருக்கும் போன் போட்டு இவன் யோக்கியதையைச் சொல்றேன்!"

போனை எடுத்த கையை அண்ணி அழுத்திப் பிடித்தாள்.

"போதும். என்னாலயும் இதுக்கு மேல முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவர் வீட்டைக் காலி பண்ணினியே, பரண் மேல இருந்த அட்டைப்பெட்டியையெல்லாம் திறந்துகூடப் பார்க்காம பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் குடுத்தது யாரு?"

தங்கை போனைக் கட்டில் மேல் வைத்தாள்.

"அதுலதான் அத்தனை ரெக்கார்டும் இருந்தது. காலிப் பரணைப் பார்த்துட்டு இவர் ஒரு வாரம் குடோன் குடோனா அலைஞ்சார். கிடைக்கலை. அப்பா கேட்டப்பல்லாம் 'என்கிட்ட பத்திரமா இருக்கு'ன்னு சொல்லித்தான் அவரை நிம்மதியா அனுப்பி வச்சார்."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவா. தன்னைத்தானே திட்டிக்க ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்தமாட்டா'ன்னார், உங்க அண்ணன்."