சாமிக்குக் கேட்டால் போதுமா?

மாணிக்கவாசகம் மாஸ்டர் தேங்காயோடு கோயிலுக்குள் வந்ததைப் பார்த்ததும் பூசாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னாங்க மாஸ்டர், இத்தனை வருஷமா சாமி இல்லன்னு சயன்ஸ் பேசினீங்க. இப்ப?”

“இப்பவும் இல்லதான்.”

“அப்ப தேங்காய் எதுக்கு?”

 பொலிஸ் தோட்டத்தைச் சுற்றிவளைத்துத் தேடியபோது பிடித்துக்கொண்டு போன மாஸ்டரின் மகன் ஜீவா இன்னும் திரும்பவில்லை. பொலிசில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். கொண்டுபோனவன் யாரென்று தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் பயம்.

அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்தால் அம்மன் தண்டிப்பாள் என்பது அவர் மனைவி நல்லம்மாவின் நம்பிக்கை. அவள்தான் முதலில் உடைத்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

“ஆத்தாவுக்குக் கேட்டா போதும்ங்க,” என்றாள்.

“பாத்தீங்களா, கடைசியில அறிவு தோத்துப் போச்சு,” என்றார் பூசாரி. “நீங்களும் மனசுக்குள்ள சொல்லி உடைங்க.”

மாஸ்டர் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினார். வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற குரலில், ஜீவாவைக் கொண்டுபோன இன்ஸ்பெக்டரின் பெயரைச் சொல்லிக் கல்லில் அடித்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

“ஐயோ, மெதுவா! மெதுவா சொன்னாலே சாமிக்குக் கேக்கும்ங்க!” என்றார் பூசாரி.

“இல்லாத சாமிக்கு எப்படிக் கேக்கும்?” மாஸ்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இவங்களுக்குக் கேட்டுச்சு. இனி யாரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது.”

நல்லம்மா இன்னொரு தேங்காயை எடுத்தாள். இந்த முறை அவளும் சத்தமாகவே சொன்னாள்.