கோணல் சுவர்

“சுவர் கோணல், மச்சான்! உடைக்கத்தான் வேணும்.”

சுவரின் மிஹ்ராப் மாடத்துக்கு முன்னால், இமாம் நிற்கவேண்டிய இடத்தில் திசைகாட்டியை வைத்துவிட்டு அபூதாஹிர் நிமிர்ந்தார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர். ஸுஹைர் மாஸ்டரின் அக்காவைக் கட்டியவர். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

ஸுஹைர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரமடித்திருந்த வளவில், கப்பல்துறைச் சனம் கட்டும் புதுப் பள்ளிவாசல் அது. கணக்கெல்லாம் அவர் போட்டது. கம்பு நட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் பிடித்து, கயிற்றால் வட்டம் கீறி, வடக்கைக் கண்டு, தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லாத் திசையை எடுத்தவர் அவர்தான். சுவரில் இரண்டு சதுரங்களைக் குறுக்கே வைத்து, எட்டு முனை நட்சத்திர ஜன்னல் ஒன்றும் வைத்திருந்தார். பின்னேரத்து அஸர் வெயில் அதற்குள்ளால் இறங்கி, சுவரின் நிழலுக்கு நடுவே நட்சத்திரமாக விழும். அதைப் பார்க்கவென்றே சனம் வேலியோரம் வந்து நின்றது.

“நிழல் பொய் சொல்லாது மச்சான்.”

“அப்ப கொம்பாஸ் பொய் சொல்லுதோ? கடலில என்ர உசிரையே இந்த ஊசியை நம்பித்தானே விட்டிருக்கிறன்! நீயே வந்து பார்.”

பார்த்தார். அவர் கீறியிருந்த வடக்குக் கோட்டை விட்டு ஊசி நன்றாகவே விலகி நின்றது.

பள்ளித் தலைவர் அப்துல் மஜீத் தாடியைத் தடவினார். “நோன்பு கிட்டுது மாஸ்டர். ராத்திரித் தறாவீஹ் தொழுகை இங்கதான் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டன். கொஞ்சம் சரிவுதானே, அல்லாஹ் பொறுப்பான். விடுவமா?”

நல்ல சாக்குத்தான். தலையாட்டினால் சுவரும் தப்பும், மானமும் தப்பும். ஸுஹைருக்கு மனம் கேட்கவில்லை.

“ஏலாது ஹாஜியார். என்ர கணக்கைக் காப்பாத்திறதுக்காகச் சனம் பிழையான பக்கம் பாத்துத் தொழ ஏலாது. புதுச் சுவருக்கு நானே அத்திவாரம் வெட்டுறன். பிறகு இதை உடைப்பம்.”

சொல்லிவிட்டு நட்சத்திர ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அபூதாஹிருக்கே பாவமாகப் போய்விட்டது.

“உன்ர நட்சத்திரத்தை முழுசாக் கழட்டிப் புதுச் சுவரில வைப்பம். கவலைப்படாத.”

ஸுஹைர் அலவாங்குக் கம்பியை எடுத்து, புதுச் சுவர்க் கோடு குறுக்கறுத்த இமாமின் இடத்தில், வெயில் நட்சத்திரம் விழுந்து கிடந்த மண்ணிலேயே குத்தினார். இடுப்பளவு இறங்கியதும் ‘டங்’ என்றது.

“கல்லோ?”

“இல்ல மச்சான், இரும்பு மாதிரிக் கேக்குது.”

அபூதாஹிர் குழிக்குள் குனிந்து கையால் மண்ணை விலக்கினார். முகம் வெளுத்தது. மச்சானைக் கையில் பிடித்து வெளியே இழுத்தார்.

“ஓடுங்கோ! எல்லாரும் ஓடுங்கோ!”

மறுநாள் நேவிக்காரர்கள் வந்து, சனத்தைத் தூர நிறுத்திவிட்டு, அதைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழியை மூடியதும் அபூதாஹிர் திசைகாட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார். ஊசி ஆடியது, திரும்பியது, ஸுஹைர் கீறிய கோட்டின்மேல் அப்படியே படுத்தது.

அபூதாஹிர் மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக மெதுவாகப் பேசினார்.

“உன்ர சுவர் சரிதான், மச்சான். நேத்து இந்த ஊசி வடக்கைக் காட்டேல்ல. நாங்கள் நெத்தி வைச்சுச் சுஜூது செய்ய இருந்த நிலத்துக்குக் கீழ, வெடிக்காமக் கிடந்த குண்டைக் காட்டிக்கொண்டு நிண்டிருக்கு!”